பிஎம்ஐ 36, இரண்டாவது குழந்தை: வீட்டில் பெற்றுக்கொள்ளலாமா?

கேள்வி சுருக்கமாக இது. இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்ப் பெண், வயது 33, இப்போது 14 வாரம். மூன்று வருடத்துக்கு முன் முதல் குழந்தை ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். இந்தத் தடவை வீட்டிலேயே பெற்றுக்கொள்ள ஆசை. ஆனால் முதல் சந்திப்பில் எடை, உயரம் பார்த்து பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 36 என்று எழுதிய மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கும் தாதி, "உங்களுக்கு வீட்டுப் பிரசவத்துக்கு அனுமதி கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். அது உண்மையா, உடம்பு பெருத்திருந்தால் வீட்டில் பெறவே முடியாதா, பிடிவாதம் பிடித்தால் குழந்தைக்கு ஆபத்தா என்று கேட்கிறார். ஊரில் இருக்கும் அம்மா விஷயத்தைக் கேட்டதும் அழுதே விட்டாராம்.

நான் இங்கே மிட்வைஃபாக வேலை பார்ப்பவள். முதலில் அந்த 'அனுமதி'யை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு வந்துதான் பெற வேண்டும் என்று இங்கிலாந்தில் எந்தப் பெண்ணையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் தருவது பரிந்துரைதான். அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கையில். ஆனால் பரிந்துரை சும்மா வந்ததில்லை என்பதால், அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே டாக்டர்களும் மிட்வைஃப்களும் பின்பற்றும் நைஸ் (மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் அரசு அமைப்பு) வழிகாட்டி, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால் டாக்டர்கள் உள்ள பிரசவப் பிரிவில் பெறச் சொல்கிறது. 30-லிருந்து 35 வரை என்றால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி கொஞ்சம் இளகிப் பேசுகிறது. 40-க்குக் கீழே உள்ள பிஎம்ஐ மட்டுமே டாக்டர் பிரிவுக்கு அனுப்பக் காரணம் ஆகாது, இடத்தைப் பற்றிக் கூடுதலாக யோசிக்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அடையாளம் என்கிறது. ஏற்கெனவே பெற்றவர், வேறு சிக்கல் இல்லை என்றால் மிட்வைஃப்கள் நடத்தும் பிரிவில் பெறும் வாய்ப்பைத் தரலாம் என்றும் சொல்கிறது. வீட்டைப் பற்றி அது அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை. ஆக, 36 என்ற எண்ணைப் பார்த்ததுமே கதவைச் சாத்துவது ஒரு வழிகாட்டியை மட்டும் பாதி படித்தவர்கள் செய்கிற வேலை.

அந்த எண்ணையே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 89 கிலோ என்றால் பிஎம்ஐ 34.8. அதே 89 கிலோவுக்கு உயரத்தை 158 என்று எழுதிவிட்டால் 35.7. இரண்டு சென்டிமீட்டரில் ஆள் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். முதல் சந்திப்பில் பல இடங்களில் உயரத்தை அளப்பதே இல்லை, "எவ்வளவு?" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொள்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்று அளக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கணக்கில் வருவது ஆரம்பத்தில் எடுத்த எடைதான், ஒன்பதாம் மாத எடை அல்ல. இப்போது பட்டினி கிடந்து எண்ணைக் குறைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்; கர்ப்பத்தில் எடை குறைப்பு உணவுமுறை வேண்டாம் என்பதுதான் எல்லோரும் சொல்வது.

சரி, ஆபத்து எவ்வளவு? 2011-ல் வெளிவந்த 'பர்த்பிளேஸ்' ஆய்வு இங்கிலாந்தில் சிக்கல் குறைவான சுமார் 64,000 பிரசவங்களைப் பார்த்தது. முதல் குழந்தையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களில், குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது ஆயிரத்துக்கு 9.3. டாக்டர் பிரிவில் பெறத் திட்டமிட்டவர்களில் அது 5.3. இரண்டாவது, மூன்றாவது குழந்தை என்றால் இரண்டு இடத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பாதியில் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டவர்கள் முதல் பிரசவத்தில் 45 சதவீதம், அடுத்த பிரசவங்களில் 12 சதவீதம்.

இதே ஆய்வின் தரவிலிருந்து உடல் பருமனை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்த கட்டுரை 2014-ல் வந்தது. உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது அதுதான். வேறு எந்த நோயும் சிக்கலும் இல்லாத பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பிரசவத்தில் டாக்டரின் கை தேவைப்பட்டவர்கள், அதாவது ஆயுதம் வைத்துக் குழந்தையை எடுத்தல், சிசேரியன், ரத்தம் ஏற்றுதல் மாதிரியான ஏதாவது ஒன்று நடந்தவர்கள், எத்தனை பேர் என்று கணக்கிட்டார்கள். பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்து ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்றவர்களில் அது 21 சதவீதம். சரியான எடையோடு முதல் குழந்தை பெறுபவர்களில் 53 சதவீதம். ஒல்லியான முதல் பிரசவக்காரிக்கு வீட்டுப் பிரசவம் பற்றித் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறோம்; உங்களுக்கு ஒரே வரியில் மறுக்கிறோம். இதில் நியாயம் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த எண்கள் ஆஸ்பத்திரியில் பெறத் திட்டமிட்டவர்களுடையவை. வீட்டில் பெற்ற பருமனான பெண்களுடையவை அல்ல. அப்புறம், அவர்களில் சர்க்கரை, பிரஷர் உள்ள யாரும் கிடையாது. நம்மில் அந்த இரண்டும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

எடை அதிகமாக இருக்கும்போது வீட்டில் எது கஷ்டமாகிறது என்பதை, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற கோணத்திலிருந்து சொல்கிறேன். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதுதான் முதல் சிரமம். வலியின் முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கையடக்க டாப்ளரை வயிற்றில் வைத்துக் கேட்க வேண்டும். வயிற்றுக் கொழுப்பு தடிப்பாக இருந்தால், நீங்கள் நாலு காலில் குனிந்து வலியைத் தாங்கும்போது துடிப்பு கிடைக்காமல் நழுவும். கிடைக்கிற சத்தம் குழந்தையுடையதா அம்மாவுடையதா என்ற சந்தேகமும் வரும். அதனால்தான் ஒரு கை டாப்ளரிலும் மறு கை உங்கள் மணிக்கட்டு நாடியிலும் இருக்கும். பல பெண்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி, அடிவயிற்றை லேசாகத் தூக்கிப் பிடித்தால் நன்றாகக் கேட்கும். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளிலேயே எந்த நிலையில் எங்கே கேட்கிறது என்று பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். துடிப்பை நம்பிக்கையாகக் கேட்கவே முடியவில்லை என்றால், அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதுதான் சரி. அதில் சமரசம் கிடையாது.

அடுத்தது, குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பது. கையால் தடவிப் பார்த்துத் தலை கீழே இருக்கிறதா என்று சொல்வது தடித்த வயிற்றில் தவறலாம். தலை என்று நினைத்தது பிட்டமாக இருந்து, அது வலி வந்த பிறகு தெரிய வருவது வீட்டில் நடக்கக்கூடாத விஷயம். 36 வாரத்தில் ஒரு சின்ன ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் வளர்ச்சியும் அப்படித்தான். பிஎம்ஐ 35-க்கு மேல் டேப் வைத்து வயிற்றை அளப்பது நம்பத்தக்கதல்ல என்பதால் வளர்ச்சி ஸ்கேன்கள் தருவார்கள். அவற்றைத் தவிர்க்காதீர்கள்.

பிரஷர் பார்க்கும் பட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேல் கை சுற்றளவுக்குப் பட்டை சிறியதாக இருந்தால் பிரஷர் இல்லாதவருக்கும் அதிகமாகக் காட்டும். அந்த ஒரே அளவீட்டினால் 'உயர் ரத்த அழுத்தம்' என்று ஃபைலில் ஏறி, வீட்டுப் பிரசவம் கைவிட்டுப் போனவர்கள் உண்டு. பெரிய பட்டை வேண்டும் என்று முதல் நாளே குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துங்கள். பிரசவ நாளில் வீட்டுக்கு வருபவர் பையிலும் அது இருக்க வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்குதான் எனக்கு மிகவும் கவலை தருவது. எடை கூடக் கூட அதன் வாய்ப்பும் கூடுகிறது. வீட்டுக்கு வரும் மிட்வைஃப்கள் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஊசியோடுதான் வருவார்கள். நஞ்சுக்கொடி தானாக வரட்டும் என்று காத்திருப்பது சிலருக்குப் பிடிக்கும். உங்கள் விஷயத்தில் அதை விட்டுக்கொடுத்து, குழந்தை பிறந்ததும் தொடையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். ஊசியின் நீளம் தசை வரை எட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கை நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். நரம்பு கண்ணுக்குத் தெரியாத கையில், வீட்டு விளக்கு வெளிச்சத்தில் அதைச் செய்வது ஆஸ்பத்திரியில் செய்வது போல் இருக்காது. பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் என்றால் வலி எடுத்ததுமே நரம்பில் ஊசி ஏற்றி வைக்கச் சொல்லி ராயல் கல்லூரி அறிவுறுத்துவது இதனால்தான். அந்த அளவில் இருக்கும் யாராவது இதே கேள்வியைக் கேட்டால், வீடு வேண்டாம் என்றே சொல்வேன்.

குழந்தையின் தலை வெளியே வந்து தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் பெரிய குழந்தைகளுக்கும், அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதிகமாகவும் வரும். இந்த அபாயத்தைச் சொல்லாமல் விட்டதற்காகத்தான் ஸ்காட்லாந்தின் நடீன் மாண்ட்கோமரி வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, தன் முடிவுக்கு முக்கியம் என்று ஒரு பெண் கருதக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. நீங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கும்போதும் அதே கடமை அவர்களுக்கு இருக்கிறது. ஒரு வரி மறுப்பு அதற்கு ஈடாகாது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். எத்தனாவது மாடி? லிஃப்ட் உண்டா? பலரும் "ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தான்" என்பார்கள். அது கார் ஓடுகிற பத்து நிமிஷம். உண்மையான கணக்கு, போன் போட்டதில் ஆரம்பித்து ஆம்புலன்ஸ் வந்து, உங்களை நாற்காலியில் வைத்து இறக்கி, ஓடி, ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை போகும் நேரம். இரண்டாவது மாடி, குறுகலான திருப்பம், லிஃப்ட் இல்லை, 95 கிலோ, ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்றால் இரண்டு ஆம்புலன்ஸ் ஆட்கள் போதாது. இன்னொரு குழு வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். பிரசவத் திட்டம் பற்றிய கட்டுரைகளில் இதை யாரும் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் படிக்கட்டுதான் பல நேரம் உண்மையான பிரச்சினை. தரைத்தளத்தில் இருக்கும் அக்கா வீடோ தோழி வீடோ கிடைத்தால் அங்கே பெறுவதுகூடச் சாத்தியம்தான். தண்ணீர்த் தொட்டி வாடகைக்கு எடுக்கும் யோசனை இருந்தால், மயக்கம் வந்தால் தொட்டியிலிருந்து உங்களை எப்படி வெளியே எடுப்பார்கள் என்று வருபவர்களோடு ஒத்திகை பார்க்க வேண்டும்.

முதல் பிரசவத்தைச் 'சுகப்பிரசவம்' என்கிறீர்கள். நம் ஊர்ப் பேச்சில் சிசேரியன் இல்லாத எல்லாமே சுகப்பிரசவம்தான். எவ்வளவு ரத்தம் போனது? நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தார்களா? தோள் மாட்டியதா? ஆயுதம் வைத்தார்களா? பழைய குறிப்புகளை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2024-ல் மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு வீட்டுப் பிரசவத்துக்குப் பிறகு தாயும் குழந்தையும் இறந்தார்கள். அதுவும் இரண்டாவது பிரசவம்தான். முதல் பிரசவத்தில் அவருக்கு அதிக ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. முந்தைய பிரசவத்தில் அப்படி ஒன்று இருந்தால், எடை 60 கிலோவாக இருந்தாலும் நான் ஆஸ்பத்திரி என்றே சொல்வேன்.

இனி வரும் மாதங்களில் எது வந்தால் திட்டத்தை மாற்ற வேண்டும்? 24-லிருந்து 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை உங்களுக்கு இரண்டு காரணங்களால் உண்டு: பிஎம்ஐ 30-க்கு மேல், தெற்காசிய வம்சம். வெறும் வயிற்றில் 5.6, அல்லது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 7.8 (ஊர்க் கணக்கில் சுமார் 101, 140) தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அது வந்தால் வீட்டுப் பிரசவத்தை விட்டுவிடுங்கள். பிறந்த குழந்தைக்கும் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஹீமோகுளோபின் வலி எடுக்கும்போது 8.5-க்குக் கீழே என்றால் கண்டிப்பாக ஆஸ்பத்திரி, 10.5-க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். ரத்தம் போனால் தாங்கும் இருப்பு வேண்டுமே. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள். உண்மையான பிரஷர், நஞ்சுக்கொடி கீழே இருப்பது, 37 வாரத்துக்கு முன் வலி, இதெல்லாம் சொல்லவே வேண்டாம்.

14 வாரத்திலேயே கேட்க வேண்டியது ஆஸ்பிரின். பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருப்பது, பிரஷர் கோளாறு வருவதற்கான மிதமான காரணங்களில் ஒன்று. கூட இன்னொன்று சேர்ந்தால் 12 வாரத்திலிருந்து தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். அந்த இன்னொன்று உங்கள் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்பு, கை கால் வீக்கம் என்று படுத்த கதையாக இருக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள்.

அம்மா அழுததில் ஆச்சரியம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. அங்கே 'வீட்டுப் பிரசவம்' என்றால் 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்துப் பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்த செய்திதான் நினைவுக்கு வரும். பயிற்சி பெற்ற யாரும் பக்கத்தில் இல்லாமல் நடந்தது அது. இங்கே நீங்கள் கேட்பது, பதிவு பெற்ற இரண்டு மிட்வைஃப்கள், ஆக்சிஜன், ஊசி மருந்து, தயாராக இருக்கும் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பதிலைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். இந்த ஏற்பாடு அங்கே இல்லை. இங்கேயும் மறுத்துவிட்டார்களே என்ற கோபத்தில் யாரையும் கூப்பிடாமல் தனியாகப் பெறலாம் என்று ஒரு கூட்டம் சொல்லும். அந்தப் பக்கம் போகாதீர்கள். மிட்வைஃபோ டாக்டரோ அல்லாதவர் அவசரம் இல்லாமல் பிரசவம் பார்ப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

எப்படிக் கேட்பது? உங்களைப் பார்க்கும் மிட்வைஃபோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கையில் அதிகாரம் குறைவு. "வழிகாட்டிக்கு வெளியே பிரசவம் பற்றிப் பேச கன்சல்டன்ட் மிட்வைஃபைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள், மின்னஞ்சலிலும் எழுதுங்கள். பெரும்பாலான என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மகப்பேறுப் பிரிவுகளில் அப்படி ஒரு மூத்த மிட்வைஃப் இருப்பார். அவரோடு உட்கார்ந்து, எந்தெந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவீர்கள் என்பதை வரிவரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆள் பற்றாக்குறையால் அன்று ராத்திரி வீட்டுக்கு வர யாரும் இல்லை என்று சொல்லும் நாட்களும் உண்டு. அதற்கு மாற்றுத் திட்டமும் எழுதி வையுங்கள்.

என் கருத்தையே கேட்டால்: முதல் பிரசவக் குறிப்புகள் சுத்தமாக இருந்து, சர்க்கரையும் பிரஷரும் ரத்தமும் சரியாக இருந்து, தரைத்தளமாகவும் இருந்தால், பிஎம்ஐ 36-ஓடு வீட்டில் பெற நினைப்பதை நான் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அதற்கு முன் ஒருமுறை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே மிட்வைஃப்கள் நடத்தும் பிரிவைப் போய்ப் பாருங்கள். மங்கின விளக்கு, தொட்டி, தரையில் மெத்தை, கணவர் கூடவே இருக்கலாம், டாக்டர் தேவைப்பட்டால் தாழ்வாரத்தைத் தாண்டினால் போதும். வீட்டில் வேண்டும் என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். படிக்கட்டுள்ள வீடு என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியை முதல் குழந்தைக்காகக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

எங்கே பெற்றாலும், பிறகு ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 36 என்பது தனியாக இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். நீண்ட வலி, ஒரு லிட்டருக்கு மேல் ரத்தப்போக்கு என்று இன்னொன்று சேர்ந்தால் 10 நாள் போடச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் பெற்றால் வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் பெற்றால் அதை யார் எழுதித் தருவது, ராத்திரி எந்த மருந்துக்கடையில் வாங்குவது என்பதை 36 வாரத்துச் சந்திப்பிலேயே கேட்டு முடித்துவிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இருக்கிறார்களே என்று பார்க்காமல் அவசர எண்ணான 999-ஐக் கூப்பிடுங்கள்.